அக்கா கேட்ட சுவர்

1

எங்கள் ஆய்வுப் பிரிவுக்குப் பத்து வயது நிறைந்துவிட்டது. இங்கிலாந்தின் வடக்கே, மழையையும் பல்கலைக்கழகத்தையும் தவிர வேறு விசேஷம் இல்லாத ஒரு நகரத்தில், கம்ப்யூட்டரைக் கொண்டு கட்டடங்களை வடிவமைப்பது எப்படி என்று ஆராய்கிற பிரிவு இது. பத்து வருஷமாக ஆராய்கிறோம். நாங்கள் வடிவமைத்த ஆஸ்பத்திரி இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, நீச்சல் குளம்கூட இருக்கிறது, எல்லாம் தாளில். நாங்கள் உட்கார்ந்திருக்கிற கட்டடம் மட்டும் யாரோ ஒரு புண்ணியவான் பென்சிலால் வரைந்து கட்டியது. மழை பெய்தால் கம்ப்யூட்டர் அறையில் ஒழுகும். எங்கள் தலைவர் பேராசிரியர் ப்ரூக், ஒழுகும் இடத்தில் வைத்திருக்கிற வாளியை விருந்தினர்களுக்குக் காட்டி, "கையால் வரைந்தால் இப்படித்தான்" என்பார்.

பத்தாம் ஆண்டு விழாவுக்குக் கேக் வெட்டினார்கள். கேக்கின் மேல் பச்சை ஐசிங்கில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருந்தது. வாழ்த்துப் பதாகையை எங்கள் வரைபட இயந்திரமே எழுதியது. பேனாவைப் பிடித்துக்கொண்டு தாளின் மேல் இப்படியும் அப்படியும் ஓடி, ஒரு நாள் முழுக்க எழுதி, கடைசி எழுத்துக்கு மை தீர்ந்துபோனது. அதை நான் கையால் எழுதி முடித்தேன். விழாவில் என் பங்களிப்பு அதுதான்.

சுவர் முழுக்கப் பத்து வருஷத்துச் சாதனைகளை மாட்டியிருந்தார்கள். அவற்றுள் நிஜமாகவே கட்டி, மனிதர்கள் உள்ளே போய்ச் சோறு சமைத்துச் சாப்பிட்டது ஒன்றே ஒன்றுதான். "இலங்கை மலைநாட்டுத் தொழிலாளர் குடியிருப்பு" என்று அதற்குத் தலைப்பு. கொட்டகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பத்துப் பன்னிரண்டு வீடு. அவற்றுள் ஒன்றில் என் அக்கா ஞானம்மா குடியிருக்கிறாள்.

பேராசிரியர் என் தோளில் கை போட்டார். "மரியா, இந்தப் படத்துக்குக் கீழே ஒரு வரி வேண்டும். உள் அறை வந்த பிறகு அவர்கள் வாழ்க்கை எப்படி இருக்கிறது? உன் சகோதரியைக் கேட்டுச் சொல்லேன்."

என் பெயர் மரியதாஸ். அதை முழுதாகச் சொல்ல இந்த நாட்டில் யாருக்கும் மூச்சு போதாது. முதல் பாதியோடு நிறுத்திக்கொண்டார்கள். வந்த புதிதில் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவிலிருந்து, பெண் ஊழியர்களுக்கான பரிசோதனைக்கு வரும்படி எனக்கு அழைப்பு வந்தது. தவறு என்று எழுதினேன். 'அன்புள்ள செல்வி மரியா, தங்கள் கடிதம் கிடைத்தது' என்று பதில் வந்தது. அதற்கு மேல் வாதாட எனக்குத் தெம்பில்லை.

ஒரு வரிதானே என்று பேராசிரியருக்குத் தலையாட்டிவிட்டேன். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன் என்பது அப்போது தெரியாது.

2

ஊரில் இருக்கிற நீங்கள் எங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். லண்டனில் இருக்கிறான், கம்ப்யூட்டரில் வேலை, வெள்ளைக்காரனுக்கே வீடு வரைந்து கொடுக்கிறான். லண்டனுக்கும் எனக்கும் ரயிலில் பாதி நாள். கம்ப்யூட்டர் என்பது எங்கள் பிரிவில் ஒரு பெரிய இரும்பு அலமாரி. அதன் முன்னால் உட்கார முறை வைத்துக் காத்திருக்க வேண்டும். தோட்டத்தில் விடிகாலையில் வேலைக்குப் பேர் கொடுத்துவிட்டுப் பெரட்டுக்களத்தில் நிற்கிற மாதிரியேதான். வித்தியாசம், இங்கே நிற்பவர்கள் எல்லாரும் கலாநிதி, அதாவது டாக்டர் பட்டம் வாங்கியவர்கள்.

வெள்ளைக்காரனுக்கு வீடு வரைந்து கொடுக்கவும் இல்லை. என் சொந்த வீட்டின் குளியலறைக் கதவே சரியாக மூடுவதில்லை.

வீட்டில் மகள் அனிதா இருக்கிறாள், பன்னிரண்டு வயது. தமிழ் மறந்துவிடக் கூடாதென்று சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அனுப்பினோம். அங்கே ஆசிரியை யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனுஷி. 'அவை வீட்டில் இருக்கினம்' என்று சொல்லிக் கொடுத்தார். அதை அனிதா என்னிடம் வந்து சொன்னாள். "இருக்காங்கன்னு சொல்லும்மா" என்றேன். அதை அவள் வகுப்பில் போய்ச் சொல்ல, ஆசிரியை திருத்தி அனுப்ப, நான் மறுபடி திருத்த, நாலு வாரம் இப்படி நடந்தது. பிறகு பிள்ளை எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சமாதானம் பேசுகிற தொனியில், "டாடி, முதலில் நீங்கள் இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வாருங்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு நீச்சல் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். நாங்கள் இன்னும் முடிவுக்கு வரவில்லை.

நான் பிறந்தது தேயிலைத் தோட்டத்து லயத்தில் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். காம்பரா என்றால் அறை. பத்துக் காம்பரா ஒரு பக்கம், அதன் முதுகில் ஒட்டி மறுபக்கம் பத்துக் காம்பரா, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தகரக் கூரை. ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, முன்னால் நீட்டித் திண்ணை மாதிரி ஓர் இஸ்தோப்பு. படம் போட்டுக் காட்டியபோது, "எல்லாரும் பக்கத்தில் பக்கத்தில், எவ்வளவு நன்றாக இருக்கும்!" என்றாள். அவளுக்குத் தனி அறை. கதவில் 'தட்டிவிட்டு வரவும்' என்று எழுதி ஒட்டியிருக்கிறாள்.

3

விஷயத்துக்கு வருகிறேன். ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் ஓர் உதவி நிறுவனம் எங்கள் பிரிவைத் தேடி வந்தது. தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு, லயங்களுக்குப் பதிலாக வீடு கட்டிக் கொடுக்கப் போகிறார்களாம். முதலில் மாதிரிக்குக் கொஞ்சம். எப்படிப்பட்ட வீடு என்று விஞ்ஞான முறைப்படி யாராவது சொல்ல வேண்டும்.

பேராசிரியர் என்னைக் கூப்பிட்டார். "நீ இலங்கைதானே? தேயிலைத் தோட்டம் ஏதாவது பார்த்திருக்கிறாயா?"

"பார்த்திருக்கிறேன்" என்றேன்.

எங்கள் மென்பொருளின் அடிப்படை எளிமையானது. ஒரு வீட்டில் இருப்பவர்கள் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு ஒரு நாளில் எத்தனை தடவை போகிறார்கள் என்று எண்ண வேண்டும். அடிக்கடி போகிற அறைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும். எப்போதாவது போகிறவற்றைத் தள்ளி வைக்கும். நடப்பதும் செலவு, சுவர் எழுப்புவதும் செலவு. இரண்டையும் கூட்டி, எந்த அமைப்பில் கூட்டுத்தொகை மிகக் குறைவோ அதுதான் சிறந்த வீடு. சண்டை, வெட்கம், கோபித்துக்கொண்டு போய் மூலையில் படுப்பது, இதெல்லாம் கணக்கில் கிடையாது. அவற்றுக்கு அலகு இல்லை.

எண்ணுவதற்கு என் சகா கிரஹாமை அனுப்பினார்கள். மொழிபெயர்க்க நான். கிரஹாம் நல்லவன், முப்பது வயது, மெலிந்த உடம்பு, எதையும் எண்ணாமல் நம்ப மாட்டான். இலங்கை என்றதும் கடற்கரைச் செருப்பும் அரைக் காற்சட்டையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். கொட்டகலை ஸ்டேஷனில் இறங்கினபோது பனி மூடியிருந்தது, பல் தந்தி அடித்தது. அக்கா, கொழுந்து எடுக்கப் போகும்போது போர்த்துகிற கம்பளியைக் கொண்டுவந்து அவனுக்குப் போர்த்திவிட்டாள். மூன்று நாளும் அந்தக் கோலத்திலேயே லயம் லயமாக விஞ்ஞானம் செய்தான்.

4

நான் பிறந்த காம்பராவில்தான் அக்கா இருந்தாள். அக்காவும் மச்சானும், மகன் பீட்டரும், அவனுக்கு வந்த புது மனைவி ரோசலினும். அக்கா தேத்தண்ணி கொடுத்தாள். பழக்க தோஷத்தில் "தேங்க்ஸ்" என்றுவிட்டேன்.

"என்னாடா இது, அக்காவுக்கே தேங்ஸு சொல்ற? நான் என்னா கடையா வெச்சிருக்கேன்?" என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். அரை மணி நேரம் பேசவில்லை. இங்கே ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்கிற வார்த்தை அங்கே வசவு மாதிரி விழுந்தது.

கிரஹாம் கேள்விகளை ஆரம்பித்தான். சமையலறையிலிருந்து படுக்கையறைக்கு ஒரு நாளில் எத்தனை தடவை போவீர்கள்? நான் அதைத் தமிழில் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு வாய் கூசியது.

அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "தம்பி, இந்தத் தொர தெரிஞ்சு கேக்குறாரா, தெரியாமக் கேக்குறாரா? இருக்கிறதே ஒரு காம்பரா. அடுப்புல ரொட்டியத் திருப்பிக்கிட்டே பாயில கால நீட்டிக்கலாம். எங்க போறது?"

"ஒரு தடவையும் இல்லை என்கிறார்" என்றேன்.

கிரஹாம் பூஜ்யம் போட்டான். படுக்கையறையிலிருந்து உட்காரும் அறைக்கு? பூஜ்யம். உட்காரும் அறையிலிருந்து சாப்பிடும் அறைக்கு? பூஜ்யம். அடுத்த காம்பராவுக்குப் போனோம், அதே கேள்வி, அதே பதில். எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி விடை வருவதைப் பார்த்துக் கிரஹாமுக்குப் பரம சந்தோஷம். இவ்வளவு சீரான தரவு அவன் வாழ்நாளில் கிடைத்ததில்லையாம்.

ஒரே அறையில் குடியிருப்பவனிடம் போய், அறைக்கும் அறைக்கும் நடுவில் எத்தனை நடை என்று கேட்டால் வேறென்ன வரும்? நான் சொன்னேன். "கேள்வித்தாளை நடுவில் மாற்றக் கூடாது, மரியா. முறைமை கெட்டுவிடும்" என்றான். அதுவும் சரிதான். முறைமை கெடாமல் பார்த்துக்கொள்ளத்தானே இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்.

சாயங்காலம் அக்கா செபமாலையை எடுத்துக்கொண்டு, மச்சானையும் கிளப்பிக்கொண்டு, நாலு காம்பரா தள்ளிச் செபம் சொல்லப் போனாள். எங்களையும் கூப்பிட்டாள். அந்தச் செபம் லேசில் முடியவில்லை. மாலை முடிந்து, மன்றாட்டு முடிந்து, இறந்தவர்களுக்கு, நோயாளிகளுக்கு, பிரயாணத்தில் இருப்பவர்களுக்கு என்று நீண்டுகொண்டே போனது. வேதக்காரர்கள் அல்லாத பக்கத்துக் காம்பராக்காரர்களும் வந்து பக்தியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

கிரஹாம் அசந்துபோனான். "இவ்வளவு ஆழ்ந்த சமய வாழ்க்கையை நான் எங்கும் பார்த்ததில்லை" என்று என் காதில் சொன்னான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் லயத்தில் யார் வீட்டிலாவது கல்யாணம் நடந்தால் அந்த மாதம் பக்தி அதிகமாகும். பெரியவர்கள் தினமும் எங்கேயாவது செபத்துக்குப் போவார்கள், பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு. இந்துக்கள் வீட்டுக் கல்யாணமென்றால் பஜனை நீளும். நாங்கள் போய் உட்கார்ந்துகொள்வோம். புதுசாகக் கல்யாணமானவர்களுக்கு ஒரு காம்பராவைக் கொஞ்ச நேரம் காலி செய்து கொடுக்க வேறு மரியாதையான வழி கிடையாது. யாரும் யாருக்கும் காரணம் சொல்வதில்லை. நான் சின்ன வயதில் செபித்த செபத்தில் பாதி என் சித்தப்பாவின் கல்யாணத்துக்காக.

திரும்பி வரும்போது அக்கா இருட்டில் தூரத்திலிருந்தே இருமிக்கொண்டு வந்தாள். காம்பரா வாசலில் நின்று இன்னொரு தடவை இருமினாள். பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாகச் சொன்னாள்.

"தம்பி, அந்தத் தொரகிட்ட ஒண்ணு மட்டும் சொல்லு. எங்களுக்கு மாடி வேணாம், பளிங்கு வேணாம். உள்ளுக்க ஒரு சொவரு, அதுல ஒரு கதவு. அவ்வளவுதான். பாவம், அந்தப் புள்ள ரோசு என் மூஞ்சியப் பாக்கவே கூச்சப்படுது. நான் கல்யாணம் கட்டினப்ப எப்பிடி இருந்துச்சோ, அதே மாரி இவளும் இருக்கா. இது என்னோட போவணும்டா."

சரி என்றேன். என் வாழ்க்கையில் வீடு வரைகிற வேலையில் எனக்கு ஒரு நிஜமான உத்தரவு கிடைத்தது அன்றைக்குத்தான்.

5

இங்கிலாந்து திரும்பித் தரவுகளைக் கம்ப்யூட்டருக்குள் போட்டார்கள். சனி ஞாயிறு முழுக்க ஓடிக் கணக்குப் போட்டது. திங்கட்கிழமை காலை வரைபட இயந்திரம் பேனாவைப் பிடித்து வரையத் தொடங்கியது. எல்லாரும் கோப்பையும் கையுமாகச் சுற்றி நின்றோம்.

ஒரு நீளக் கோடு. அதற்கு இணையாக இன்னொன்று. நடுவில் முதுகெலும்பு போல ஒரு சுவர். குறுக்கே சமதூரத்தில் சின்னச் சின்னக் கோடுகள். ஒரு பக்கம் பத்து அறை. மறுபக்கம் பத்து அறை.

பேராசிரியர் மூச்சை இழுத்துப் பிடித்தார். "என்ன நேர்த்தி!" என்றார். "ஒரு சுவர்கூட வீணில்லை. இரண்டு குடும்பத்துக்கு ஒரே சுவர். ஒரே கூரை. மனிதன் உட்கார்ந்து யோசித்தால் இதைக் கண்டுபிடிப்பானா?"

கண்டுபிடித்தான். நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு தோட்டத்துத் துரை, குதிரையை விட்டு இறங்காமலே கைத்தடியால் மண்ணைக் காட்டி, 'இங்கிருந்து அதுவரைக்கும் கட்டு' என்று சொல்லிக் கண்டுபிடித்தான். அவனுக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். எங்களுக்கு ஒரு வருஷமும், இரண்டு விமானச் சீட்டும், பல்கலைக்கழகத்திலேயே பெரிய கம்ப்யூட்டரும் தேவைப்பட்டன. மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதை என்பார்கள். நாங்கள் என் மலையையே கெல்லி அதே பழைய எலியைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தோம்.

கம்ப்யூட்டர் மேல் தப்பில்லை. அறைக்கு அறை நடை பூஜ்யம் என்று சொன்னோம். அப்படியானால் இவர்களுக்கு அறைகள் எதற்கு, சுவர் வெறும் செலவுதானே என்று அது எல்லா உள்சுவரையும் எடுத்துவிட்டது. வெட்டிவிட்ட சுவர்களின் பட்டியலில் அக்கா கேட்டதும் இருந்தது.

அந்த வாரம் கூட்டம். உதவி நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். பேராசிரியர் விளக்கி முடித்ததும் நான் எழுந்தேன். எழுந்தபோது என்ன சொல்வதென்று எனக்கே தெரியாது.

"இது லயம்" என்றேன். "நான் இதில்தான் பிறந்தேன்."

ஐந்து வருஷம் கூட வேலை செய்தவர்கள் என்னைப் புதிதாகப் பார்த்தார்கள். பேராசிரியர் முகம் சிவந்தது. தேயிலைத் தோட்டம் பார்த்திருக்கிறாயா என்று கேட்டவர் அவர்தானே. பாவமாகத்தான் இருந்தது, ஆனால் அதற்காக நான் நிறுத்தவில்லை. செபத்தைப் பற்றிச் சொன்னேன். செபம் ஏன் நீள்கிறது என்று சொன்னேன். அக்கா இருட்டில் இருமிக்கொண்டு வந்ததைச் சொன்னேன். என் அப்பாவும் அம்மாவும் ஆறு பிள்ளை பெற்றது யாருக்கும் கேட்காத மாதிரி மூச்சை அடக்கிக்கொண்டுதான் என்று சொன்னேன். அந்நியர் முன்னால் பெற்றவர்களின் படுக்கையைப் பற்றிப் பேச நேர்ந்த கோபம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

வாளியில் சொட்டுகிற தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பிறகு நிறுவனத்துக்காரர் ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டார்: "மிகவும் நெகிழ்ச்சியாக இருக்கிறது. இதை எண்ணாக மாற்ற முடியுமா?"

அந்த இடத்தில் நான் நாற்காலியைத் தூக்கி எறிந்திருப்பேன். கிரஹாம் முந்திக்கொண்டான். "முடியும்" என்றான். "வீட்டுக்குள் நடப்பதை மட்டும் எண்ணினேன். வீட்டை விட்டு வெளியே போவதை எண்ணவில்லை. எல்லாரும் தினமும் சாயங்காலம் நாலு வீடு தள்ளிப் போய், அவ்வளவு நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள். அதுவும் நடைதான். நானும் கூடப் போனேன். கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், மடையன்."

அவனும் நானும் உட்கார்ந்து அதைச் சேர்த்தோம். பெரியவர்கள் வெளியே போகிற நடை, காத்திருக்கிற நேரம், இரண்டையும் செலவாகக் கணக்குக்குள் ஏற்றினோம். கம்ப்யூட்டர் மறுபடி ஓடியது. இந்தத் தடவை, இவ்வளவு நடையைவிட ஒரு சுவர் மலிவு என்று அதற்குத் தோன்றிவிட்டது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் உள் அறை போட்டது. கதவோடு.

அந்தக் கணக்கில் நடையைப் பெருக்குகிற எண்ணுக்குப் பேராசிரியர் 'மரியா கெழு' என்று பெயர் வைத்து மூன்று மாநாடுகளில் கட்டுரை வாசித்தார். மரியா யார் என்று கேட்டவர்களிடம், அருமையான ஒரு பெண்மணி என்று யாரோ சொன்னதாகவும் கேள்வி.

6

அதற்குப் பிறகு நான் ஊருக்குப் போகவில்லை. எண்பத்து மூன்று ஆடிக் கலவரம் வந்தது. ஹட்டனில் கடை எரிகிறது, லயத்தை விட்டுக் காட்டுக்குள் ஓடினார்கள் என்று செய்தி வர, இங்கே இருந்துகொண்டு ரேடியோவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா குடும்பம் உயிரோடு இருக்கிறது என்று தெரிய வெகு நாளாயிற்று. அடுத்த வருஷம் போகலாம் என்றேன், மனைவி பயந்தாள். அதற்கடுத்த வருஷம் இந்த நாட்டுப் பிரஜாவுரிமை விண்ணப்பம் உள்ளே இருந்தது. வெளியே போனால் முதலிலிருந்து எழுத வேண்டுமாம். என் அப்பா, தோட்டத்துக்காரர்களை நாடற்றவர்களாக்கிய ஒரு நாட்டின் பிரஜாவுரிமைக்காக ஆயுசு பூராவும் அரசாங்கக் கந்தோர் வாசலில் நின்றார். நான் இன்னொரு நாட்டின் வாசலில் நின்றேன். எங்கள் குடும்பத்துக்கு அது கைவந்த தொழில். பிறகு அனிதாவுக்குப் பரீட்சை. பிறகு ஒன்றுமில்லை, சும்மாவே போகவில்லை.

வீடு மட்டும் ஒருவழியாகக் கட்டி முடிந்தது. பிரதேசக் கந்தோர், தோட்டக் கந்தோர், கொழும்புக் கந்தோர் என்று சுற்றி வந்ததில் திட்டம் பத்துப் பன்னிரண்டு வீடாகத் தேய்ந்தது, இருந்தாலும் கட்டினார்கள். சாவி கிடைத்த அன்று அக்கா போன் பேசினாள். கொட்டகலை பஜாரில் ஹனீபா நானா கடையில்தான் போன். நான் போன் போட்டால், நானா லயத்துக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட்டு வைப்பார். அன்றைக்கு அக்கா பேசியதில் பாதி அழுகை. சுவர் இருக்கிறதா என்றேன். "இருக்குடா. கைய வெச்சுப் பாத்தேன். சில்லுன்னு இருக்கு" என்றாள். நான் அன்று முழுக்கத் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

அதெல்லாம் போன வருஷம். இப்போது பேராசிரியருக்கு ஒரு வரி வேண்டுமே. விழா முடிந்த சனிக்கிழமை காலை போன் போட்டேன், அங்கே மத்தியானம். ஹனீபா நானாதான் எடுத்தார். "இருங்க தம்பி, அக்காவும் மருமகளும் சாமான் வாங்க வந்து இங்கதான் நிக்கிறாங்க. கூப்புட்டேன்."

நலம் விசாரித்தோம். பீட்டர் எப்படி, பேரன் எப்படி, மச்சான் இருமல் எப்படி. பிறகு கேட்டேன்.

"அக்கா, உள் அறை சௌகரியமா இருக்கா? பீட்டரும் ரோசுவும் அதுலதானே?"

"அதுலயா? சேச்சே, அத யாரு தொட்டா?" என்றாள். "பூட்டித்தான் வெச்சிருக்கேன். சாவி என் இடுப்புல."

எனக்குப் புரியவில்லை. "பூட்டி வெச்சு?"

"நீ வந்தா படுக்க வேணாமா? ஹட்டன்ல சொல்லிக் கட்டில் வாங்கிப் போட்டிருக்கு. புதுக் கம்பளி ரெண்டு, தலகாணி. அனிதாப் புள்ளைக்குக் கண்ணாடி ஒண்ணு மாட்டியிருக்கேன். வாரா வாரம் தொறந்து கூட்டிப் பூட்டிருவேன். ஓன் மிசினு போட்ட வீடு, ஒனக்கு ஒரு ரூமு இல்லாம எப்பிடி? ஊரே அத 'தம்பி ரூமு'ன்னுதான் சொல்லுது."

"அப்ப ரோசு?"

"எல்லாரும் முன்னுக்கதான். பழகினதுதானே" என்றாள். சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. பக்கத்தில் ரோசலின் நிற்கிறாளே.

எத்தனை பேர் சேர்ந்து அந்தச் சுவரை எழுப்பினோம் என்று நினைத்துப் பார்த்தேன். அந்நிய ஊரில் அத்தனை பேர் முன்னால் என் வீட்டு மானத்தைப் பிரித்து வைத்து வாங்கிய அறை அது. அதை என் அக்கா எனக்கே திருப்பிக் கொடுத்துவிட்டாள். கல்யாணமாகி ஐந்து வருஷமான பிள்ளைகள் வெளியே மூச்சடக்கிப் படுத்திருக்கிறார்கள். உள்ளே கட்டிலும் கண்ணாடியும் கம்பளியும், ஐந்து வருஷமாக வராதவனுக்காகக் காத்திருக்கின்றன.

"அக்கா, அத அந்தப் பிள்ளைங்களுக்குக் குடுத்துரு" என்றேன். "நான் வந்தா எங்கயாவது படுத்துக்குவேன்."

"எங்கயாவதுன்னா? வெள்ளக்காரப் புள்ள மாரி வளந்தவளக் கூட்டிக்கிட்டு வந்து இஸ்தோப்புல படுக்கப் போறியா? பேசாம இரு. அடுத்த வருசம் வர்றதா சொன்னல்ல?"

சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அதைத்தான் சொல்கிறேன். போன் வைப்பதற்கு முன்னால் சொல்கிற மங்களம் மாதிரி அது. நீங்களும் உங்கள் வெளிநாட்டுத் தம்பிமார்களிடமிருந்து அதைக் கேட்டிருப்பீர்கள். கேட்பவர்களுக்கும் ஆறுதல், சொல்பவர்களுக்கும் செலவில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதை நம்பி ஒருத்தி ஓர் அறையையே பூட்டி வைப்பாள் என்று எனக்குத் தோன்றியதில்லை.

போனில் காசு ஓடிக்கொண்டிருந்தது. மாடியில் அனிதா பாட்டுப் போட்டிருந்தாள். சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்த்தேன். வேலை அதிகம் என்றேன், அக்கா அடுத்த வருஷத்துக்கு அடுத்த வருஷம் வா என்றாள். பிள்ளைக்குப் படிப்பு என்றேன், படிப்பு முடியட்டும் என்றாள். எத்தனை வருஷமானாலும் அந்தப் பூட்டு இருக்கும் என்று தெரிந்தது. அந்தச் சாவியை அவள் இடுப்பிலிருந்து எடுக்க ஒரு வார்த்தைதான் உண்டு. அதை நான் எனக்கேகூட இதுவரை சொல்லிக்கொண்டதில்லை.

"அக்கா" என்றேன். "நான் வரமாட்டேன்க்கா. அங்க வந்து தங்குற மாதிரி இனி எனக்கு இல்ல. நான் வருவேன் வருவேன்னு சொன்னது சும்மா."

பஜாரில் ஒரு பஸ் ஹாரன் அடித்துப் போனது. ஹனீபா நானா யாருக்கோ பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். அக்கா அழுவாள் என்று காத்திருந்தேன். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். இரண்டும் இல்லை.

பிறகு போனை வாயிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு அவள் மருமகளிடம் சொல்வது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"இந்தா ரோசு, சாவி. இன்னையிலேர்ந்து உள்ள படுங்க. ஒங்க மாமா வரமாட்டாராம்."